போதையின் பிடியில் இளம் பிள்ளைகள்: குற்றம் யாருடையது?

(ஆலய பரிபாலன சபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர்)



வருடாந்த மலரில் ஆலய வரலாறு, விரத மகிமை, திருவிழாச் சிறப்பு என்பன பற்றி எழுதுவதே வழக்கம். இம்முறை மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, இளம் பராயத்தினரைப் பீடித்துள்ள போதைப்பொருள் பாவனை பற்றி எழுத விரும்புவதாகக் கூறினேன். "கோயில் மலரில் அதையெல்லாம் எழுத வேண்டுமா?" என்று ஓர் அன்பர் கேட்டார். அறநெறிப் பாடசாலையில் தேவாரம் பாடும் பிள்ளையும், தேர் வடம் பிடிக்கும் பிள்ளையும் எமது பிள்ளைகள்தான். அவர்களைப் பிடித்திருக்கும் துன்பத்தைப் பற்றி இம்மலரில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

போதைப்பொருள் கெடுதியானது என்பது எல்லோருக்கும் தெரியும். பாடசாலைச் சுவர்களில்கூட அது எழுதப்பட்டுள்ளது. ஆகவே அதை மாத்திரம் திரும்பச் சொல்வது எனது நோக்கமன்று. போதைக்கு அடிமைப்பட்ட ஒரு பிள்ளை பாவியா, குற்றவாளியா, நோயாளியா? அப்பிள்ளையிடம் பெரியவர்களாகிய நாம் எப்படி நடந்துகொள்கின்றோம்? நான் சிந்திக்க விரும்புவது இவ்வினாக்களைத்தான். இவற்றுக்கு ஒரு காலத்தில் நானே தவறான விடை எழுதியவன் என்பதால், முதலில் எனது கதையைக் கூறிவிடுகின்றேன்.

ஒரே பக்கத்தில் இரண்டு தீர்மானங்கள்

சுமார் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் பரிபாலன சபையின் செயலாளராக நான் கடமையாற்றிய காலம். திருவிழாவுக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில் ஒருநாள் காலை உண்டியலின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது. அதைச் செய்தவன் பதினாறு வயதுப் பையன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவன். அதற்கு முந்திய வருடத் திருவிழாவில் தோரணம் கட்டுவதிலும் அன்னதானத்துக்கு விறகு சுமப்பதிலும் முன்னின்றவன். கேட்டவுடனேயே ஒப்புக்கொண்டான். முதலில் மாவா, பிறகு மாத்திரை, பிறகு வேறொன்று என்று பழகிவிட்டதாகவும், அன்றைக்குக் கையில் காசு இல்லையென்றும் சொன்னான்.

சபை கூடியது. அவனது தாயார் மலையில் வேலை முடிந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலேயே வந்து வாசலில் நின்றார். "ஐயா, எம் புள்ள கெட்டவன் இல்லீங்க. அவனுக்கு என்னமோ ஆயிருச்சு. எங்க கொண்டு போறதுன்னு தெரியல" என்று அழுதார். நாங்கள் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, அந்தப் பையன் மறு அறிவித்தல் வரை ஆலயத்துக்குள் வரக்கூடாது, திருவிழா வேலைகள் எதிலும் சேர்க்கப்படக்கூடாது என்று தீர்மானித்தோம். கையை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். தீர்மானத்தைக் கடிதமாக எழுதி, கையொப்பமிட்டு, அந்தத் தாயிடம் ஒப்படைத்தவனும் நானே.

அதே கூட்டத்தில் இன்னொரு விடயமும் பேசப்பட்டது. வியாபாரி ஒருவர் தேர்ச் சோடனைச் செலவு முழுவதையும் ஏற்பதாகக் கூறியிருந்தார். அவரது கடையில் மேசைக்கு மேலே என்ன விற்கப்பட்டது, மேசைக்குக் கீழே என்ன விற்கப்பட்டது என்பது சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பாடசாலை விட்டதும் பையன்கள் அங்கே ஏன் கூடுகின்றார்கள் என்பதும் தெரியும். நன்றியுடன் ஏற்றுக்கொள்வதெனவும், திருவிழா அன்று அவருக்குப் பொன்னாடை போர்த்துவதெனவும் முடிவாயிற்று. அதற்கும் கை உயர்த்தினேன்.

பல வருடங்கள் கழித்துப் பழைய கோவைகளை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கூட்ட அறிக்கை கையில் அகப்பட்டது. மூன்றாவது தீர்மானம் பையனை விலக்குவது. ஐந்தாவது தீர்மானம் வியாபாரியைக் கௌரவிப்பது. இரண்டும் ஒரே பக்கத்தில் எனது கையெழுத்தில் இருந்தன. அரச சேவையில் எத்தனையோ கோவைகளைக் கையாண்டிருக்கின்றேன். அன்றைப் போல எந்தக் காகிதமும் என்னை வெட்கப்பட வைத்ததில்லை.

போதை முதலில் ஒரு வியாபாரம்

பிள்ளைகள் கெட்டுப்போவதற்குக் கெட்ட சகவாசமே காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். சகவாசம் ஒரு காரணந்தான். ஆனால் போதைப்பொருள் காற்றில் வருவதில்லை. யாரோ ஒருவர் இலாபம் கருதிக் கொண்டுவந்து தருகின்றார். இதனை எமது மலையக வரலாறே எமக்குக் கற்பிக்கின்றது.

நாம் கொழுந்து பறிக்கும் தேயிலையின் கதையிலேயே அபின் இருக்கின்றது. முன்னொரு காலத்தில் ஆங்கிலேயர்கள் தேயிலையைச் சீனாவிடமிருந்தே வாங்கினார்கள். அதற்குக் கொடுக்க வெள்ளி போதாமற் போகவே, இந்தியாவில் விளைவித்த அபினைச் சீனாவில் விற்று அந்தப் பணத்தில் தேயிலை வாங்கினார்கள். சீன அரசு தடுத்தபோது 1839 முதல் 1842 வரை போரே நடத்தினார்கள். பெருந்தொகையான சீன மக்கள் அபினுக்கு அடிமையானார்கள். அவர்கள் பலவீனமான மக்கள் என்பதாலா அப்படி நடந்தது? அதை விற்றுப் பெரும் இலாபம் கண்டவர்கள் விற்பனையை நிறுத்த மறுத்ததே முதற் காரணம்.

இலங்கையில் முதலில் கோப்பி பயிரிடப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட, கோப்பியை இலை நோய் அழித்த பின்னர் மலைநாடெங்கும் தேயிலை பரவியது. தமிழகத்திலிருந்து எமது முன்னோர்கள் கொண்டுவரப்பட்ட அந்தக் காலத்தில், சாராயம் விற்கும் உரிமையை ஆங்கில அரசு ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அரசாங்கத்துக்கு வருமானம், குத்தகைக்காரருக்குச் செல்வம். தோட்டங்களை அண்டித் தவறணைகள் தோன்றின. நாள் முழுவதும் குளிரிலும் அட்டைக்கடியிலும் உழைத்தவனின் கூலி மாலையில் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. 1904இலும், மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்த 1912இலும் நாட்டில் மதுவிலக்கு இயக்கம் எழுச்சி பெற்றது. 1927 நவம்பரில் மகாத்மா காந்தி இலங்கைக்கு வந்தபோது எமது பதுளைக்கும் வருகை தந்தார். தோட்டத் தொழிலாளர்கள் மதுவை விட்டொழிக்க வேண்டும் என்று அப்பயணத்தில் அவர் வேண்டிக்கொண்டார். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு ஆகப்போகின்றது. அவரது வேண்டுகோளை நாம் எவ்வளவு தூரம் நிறைவேற்றினோம் என்பதை ஒவ்வொருவரும் தமது நெஞ்சைத் தொட்டுக் கேட்க வேண்டும்.

எனது தந்தையாரும் குடித்தவர்தான். சம்பள நாளன்று அம்மா எங்களை லயத்து வாசலில் உட்காரவைத்துவிட்டுத் தவறணைப் பாதையில் காத்து நிற்பார். முழுப் பணமும் போவதற்குள் பாதியையாவது வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. குடிக்காத நாட்களில் என் தந்தையைப் போல அன்பானவர் எவருமில்லை. அதனால்தான் "குடிகாரன்" என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு மனிதனை முழுவதுமாக அடக்கிவிட முடியாது என்பதைச் சிறு வயதிலேயே அறிந்துகொண்டேன். அறிந்திருந்தும் உண்டியல் உடைத்த பையனின் விடயத்தில் அதை மறந்துவிட்டேன்.

எமது பிள்ளைகளிடம் வந்திருக்கும் பொருட்கள்

அந்தக் காலத்தில் சாராயமும் கசிப்பும் சுருட்டும்தான் தெரியும். இன்று பிள்ளைகளைச் சுற்றி இருப்பவை வேறு. பெற்றோர்கள் அவற்றின் பெயரையாவது அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதற் படியாக இருப்பது பெரும்பாலும் மாவா, பாபுல் போன்ற மெல்லும் பொருட்களே. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த இவை, வெற்றிலை போடும் எமது வழக்கத்தோடு ஒத்திருப்பதால் பெற்றோருக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்பதையும், புகையிலை மாத்திரமன்றி வெறும் பாக்கும் அந்நோயை உண்டாக்கக்கூடியது என்பதையும் நாம் மறக்கலாகாது. 2016இல் புகையிலை கலந்த மெல்லும் பொருட்களின் விற்பனை தடை செய்யப்பட்டது. ஆயினும் மறைவாகக் கைமாறுகின்றது.

அடுத்தது கஞ்சா. பின்னர் வலிக்கும் நரம்பு நோய்களுக்கும் வைத்தியர்கள் எழுதித் தரும் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்குவது. அதற்கப்பால் தூள் எனப்படும் ஹெரோயின். சில நாட்கள் தொடர்ந்து பாவித்தால் உடம்பு அதற்குப் பழகி, இல்லாத நாளில் மூக்கும் கண்ணும் ஒழுகி, எலும்பெல்லாம் வலித்து, வாந்தியும் வயிற்றோட்டமும் எடுக்கும். அந்த வேதனையிலிருந்து தப்பவே பிள்ளை மீண்டும் அதைத் தேடி ஓடுகின்றான். இன்பத்துக்காகத் தொடங்கியது துன்பத்தைத் தவிர்ப்பதற்காகத் தொடர்கின்றது.

அண்மைக் காலத்தில் பரவியிருப்பது ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன். இதைப் பாவித்தவன் இரவு பகலாகத் தூங்கமாட்டான், பசியறியமாட்டான். யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சந்தேகிப்பான். இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொல்வான். பெற்ற தாயையே அடிக்கக் கையோங்குவான். பேய் பிடித்துவிட்டதாக எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்லும் பெற்றோரும் உண்டு. திருநீறு இடுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். அதேவேளை தாமதியாமல் வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்லுங்கள்.

ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக எமது மக்கள் வருடக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதைப் பெற்றார்கள். தாய் ஒருத்தி நாள் முழுவதும் கொழுந்து பறித்து வாங்கும் சம்பளத்தை ஒரு சிறு பொட்டலம் ஒரு நொடியில் விழுங்கிவிடும். காசு போதாதபோது வீட்டிலுள்ள தோடு போகும். பிறகு அயல்வீட்டுக் கோழி போகும். கடைசியில் கோயில் உண்டியலும் தப்பாது.

ஏன் இளம் வயதில் ஆபத்து அதிகம்?

"நாங்களும் இள வயதில் குடித்துப் பார்த்தவர்கள்தான், கெட்டா போனோம்?" என்று கேட்பவர்கள் உள்ளனர். வைத்திய விஞ்ஞானம் இதற்குத் தெளிவான பதிலைத் தருகின்றது. மனித மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதி முன்னதாகவே விழித்துக்கொள்கின்றது. நன்மை தீமையை ஆராய்ந்து "வேண்டாம்" என்று தடுக்கும் முன்மூளைப் பகுதியோ சுமார் இருபத்தைந்து வயதளவில்தான் முழு வளர்ச்சி பெறுகின்றது. இடைப்பட்ட வயதுப் பிள்ளை, பிறேக் சரியாகப் பூட்டப்படாத லொறியைப் போன்றவன். பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் வளைவுகளில் அப்படியொரு லொறியை ஓட்டுவதற்கு எவராவது துணிவோமா?

போதைப்பொருள் மூளையில் டோபமின் என்னும் இரசாயனத்தை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்கின்றது. நல்ல சாப்பாடு, விளையாட்டு, நண்பர்களின் பாராட்டு ஆகியவற்றால் உண்டாகும் இயல்பான மகிழ்ச்சி அதற்குப் பிறகு சப்பென்று தோன்றுகின்றது. வளரும் மூளை இந்த மாற்றத்துக்கு விரைவில் பழகிவிடும். எவ்வளவு இளம் வயதில் தொடங்குகின்றதோ, அவ்வளவுக்கு அடிமைப்படும் வாய்ப்பும் அதிகம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவும் சிகரட்டும் விற்கக்கூடாது எனத் தடுப்பது இதனாலேயே.

களிம்பும் செம்பும்

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அடிமைப்பட்ட பிள்ளை பாவியா, குற்றவாளியா, நோயாளியா?

எமது சமயம் மதுவை மன்னித்ததில்லை. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. திருமூலரும் திருமந்திரத்தின் முதலாம் தந்திரத்தில் கள்ளுண்ணாமைக்கென ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். பெற்ற தாயும் காணச் சகியாத நிலை அது என்று வள்ளுவர் எடுத்துக்காட்டுவதை நாம் படித்திருக்கின்றோம். ஆகவே செயல் தவறானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே சைவ சமயம் பதி, பசு, பாசம் என்ற மூன்றையும் வேறு வேறாகக் காணும்படி எமக்குக் கற்பிக்கின்றது. உயிர் வேறு, உயிரைக் கட்டியிருக்கும் கட்டு வேறு. ஆணவ மலம் உயிரோடு கலந்திருப்பதைச் செம்பில் ஏறிய களிம்புக்கு ஒப்பிடுவது எமது பெரியோர்களின் வழக்கம். ஆலயத்து மடப்பள்ளியில் இருக்கும் செம்புப் பாத்திரங்களில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டால் அவற்றைப் பள்ளத்தில் எறிந்துவிடுகின்றோமா? புளி போட்டுத் தேய்க்கின்றோம். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடியும் தேய்க்கின்றோம். பாத்திரத்தைத் தேய்க்கத் தெரிந்த எமக்குப் பிள்ளையைத் தேய்க்கப் பொறுமை இல்லாமற் போனது எப்படி?

முதல் தடவை கையை நீட்டியது பிள்ளையின் தவறு. ஆனால் நாற்பதாவது தடவை கை நீளும்போது அவனது விருப்பம் கட்டுண்டு கிடக்கின்றது. அதற்குப் பெயர்தான் அடிமைத்தனம். உலக வைத்தியத் துறையும் இதனை மீண்டும் மீண்டும் தலைதூக்கக்கூடிய ஒரு நோயாகவே கருதுகின்றது. சீனி வியாதிக்காரர் ஒருநாள் இனிப்பை உண்டுவிட்டார் என்பதற்காக அவருக்கு மருந்து கொடுப்பதை நாம் நிறுத்துவதில்லை. திருந்தியவன் மீண்டும் ஒருமுறை விழுந்துவிட்டால் மாத்திரம் "இவன் திருந்தவே மாட்டான்" என்று கதவைச் சாத்திவிடுகின்றோம்.

"இப்படி இரக்கம் காட்டினால் மற்றப் பிள்ளைகளும் பயமின்றிக் கெடுவார்களே" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தண்டனை வேண்டாம் என்று நான் கூறவில்லை. உண்டியல் பணத்தை அந்தப் பையன் உழைத்துத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லியிருக்கலாம். திருவிழா முழுவதும் ஆலய முற்றத்தைக் கூட்டும்படி பணித்திருக்கலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்களில் ஒருவரோடு பதுளைக்குச் சிகிச்சைக்கு வர வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கலாம். அவை தண்டனையாகவும் அமைந்திருக்கும், கையைப் பிடித்துக்கொள்வதாகவும் அமைந்திருக்கும். நாங்கள் செய்ததோ, ஏற்கெனவே சறுக்கிக்கொண்டிருந்தவனின் கையிலிருந்த கடைசிக் கொடியையும் அறுத்துவிட்டதுதான்.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கின்றது. 1984இல் திருத்தப்பட்ட போதைப்பொருள் சட்டத்தின்படி 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் கடத்துபவர் மரண தண்டனை அல்லது ஆயுட் தண்டனையை எதிர்நோக்குவார். 2022ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம் ஐஸ் போதைப்பொருளும் கடும் தண்டனைக்குரியதாக்கப்பட்டது. அதே நாட்டில்தான் 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டதும், அடிமைப்பட்டோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் 2007இல் தனியான சட்டம் இயற்றப்பட்டதும். விற்பவனுக்குத் தண்டனை, விழுந்தவனுக்குச் சிகிச்சை என்பதே அதன் நோக்கம். எமது ஊர் வழக்கமோ, எமது கூட்ட அறிக்கையைப் போல, தலைகீழாக இருக்கின்றது.

மானம் என்னும் பூட்டு

பிள்ளை பாவிப்பது தெரிந்ததும் பெற்றோர் முதலில் செய்வது அதை மறைப்பது. அடுத்த லயத்துக்குத் தெரிந்துவிடக்கூடாது, அக்காவின் கலியாணம் தடைப்பட்டுவிடக்கூடாது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை கூறமாட்டேன். பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் ஒரு வீட்டுப் பேச்சு எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஆனால் மறைக்கப்படும் ஒவ்வொரு மாதமும் போதைக்குக் கிடைக்கும் இலாபம் என்பதை உணர வேண்டும்.

மறைப்பதற்கு நாம் கையாளும் வழிகள் இரண்டு. ஒன்று, கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிவிடுவது. தெரிந்த முகம் ஒன்றுமில்லாத பட்டணத்தில், கடையின் மேல்மாடியில் படுத்துறங்கும் பிள்ளைக்கு, அங்கே பொருள் கிடைப்பது இன்னும் எளிது. மற்றொன்று, கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று கலியாணம் செய்து வைப்பது. இதனால் ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து அழிகின்றது. நோய்க்கு மருந்தாக இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைக் கொடுப்பது எந்த அறநூலுக்கும் பொருந்தாது.

பெற்றோரும் ஆலயமும் செய்யக்கூடியவை

பிள்ளை திடீரெனப் பழைய நண்பர்களை விட்டு விலகுதல், இரவில் தூங்காமலும் பகலில் எழும்பாமலும் இருத்தல், உடம்பு மெலிதல், காரணமற்ற கோபம், வீட்டுச் சாமான்கள் காணாமற் போதல், பாடசாலைக்குப் போவதாகச் சொல்லி வேறெங்கோ போதல் என்பன கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டவுடனேயே அடித்து விசாரிக்க வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து, "என்னப்பா, ஒரு மாதிரி இருக்கிற? எங்கிட்ட சொல்லு" என்று கேளுங்கள். பொய் சொன்னால் மறுநாளும் கேளுங்கள். பதுளை போதனா வைத்தியசாலையில் மனநல வைத்தியரைச் சந்திக்கலாம். கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். அச்சபையின் சிகிச்சை நிலையம் ஒன்று கண்டிப் பகுதியிலும் உள்ளது. சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது பிள்ளையைப் பொலிஸில் காட்டிக்கொடுப்பது ஆகாது.

ஆலயத்தைப் பொறுத்தவரை எமக்கும் சில கடமைகள் உண்டு. காவல் தெய்வங்களாகிய முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் சாராயமும் சுருட்டும் படைப்பது எமது முன்னோர் வழக்கம். அதனை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் படையல் முடிந்ததும் அந்தப் போத்தல் எங்கே போகின்றது? அதை வாங்கிவர நாம் அனுப்புவது எந்த வயதுப் பிள்ளையை? சாமத்தில் திருவிழாக் கூட்டத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் நின்று முதல் மிடறைக் குடித்துப் பார்க்கும் பிள்ளை, அதை எந்தப் பெரியவரிடமிருந்து கற்றுக்கொள்கின்றான்? சாவு வீட்டிலும் கலியாண வீட்டிலும் போத்தல் இல்லையென்றால் மரியாதை இல்லை என்று நினைக்கும் நாம், மகனிடம் மாத்திரம் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

ஆகவே எனது வேண்டுகோள்கள் மூன்று. திருவிழா நாட்களில் ஆலயச் சூழலில் மது அருந்தியவர் எவராயினும், உபயகாரராயினும் சபை உறுப்பினராயினும், முன்வரிசையில் இடம்பெறக்கூடாது. பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் விற்கும் கையிலிருந்து ஒரு சதமேனும் உபயமாக ஏற்கப்படக்கூடாது. அதனால் சோடனை குறைந்தாலும் அம்பாள் குறை நினைக்கமாட்டாள். அறநெறிப் பாடசாலைக்கு வருடத்தில் ஒரு தடவையாவது வைத்தியர் ஒருவரை அழைத்து, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து விளக்கமளிக்க வேண்டும். பந்து விளையாட ஒரு மைதானமும் மாலையில் உட்கார்ந்து படிக்க ஒரு வாசிகசாலையும் இல்லாத இடத்தில் "கெட்டுப் போகாதே" என்ற புத்திமதி மட்டும் நீண்ட நாள் நிற்காது என்பதையும் தோட்ட நிர்வாகங்களும் அரசியல் தலைவர்களும் கருத்திற்கொள்ள வேண்டும்.

நிறைவாக

அந்தப் பையனின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். எங்கள் தீர்மானத்துக்குப் பின்னர் அவனும் கொழும்புக்குத்தான் போனான். மூன்று வருடங்களில் எலும்பும் தோலுமாகத் திரும்பினான். அந்தத் தாய் எவரிடமும் கேளாமல் அவனைப் பதுளைக்கு அழைத்துச் சென்றார். சிகிச்சை பெற்றுத் தேறினான்; மீண்டும் விழுந்தான்; மீண்டும் அழைத்துச் சென்றார். இன்று அவர் மேசன் வேலை செய்கின்றார். நான்கு வருடங்களாக எதையும் தொடவில்லை.

கடந்த திருவிழாவில் தேங்காய் உடைக்கும் கல்லுக்கு அப்பால் அவர் நின்றிருப்பதைக் கண்டேன். "ஏன் தம்பி, உள்ளே வரலாமே" என்றேன். "நீங்கதானே ஐயா கடிதம் குடுத்தீங்க. அது இன்னும் அம்மாவோட பெட்டியில இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகவே சொன்னார். "மறு அறிவித்தல் வரை" என்று எழுதியவன் நான். அந்த மறு அறிவித்தலை அனுப்ப எவருக்கும் நினைவு வரவில்லை.

அவருடைய சம்மதத்தைப் பெற்ற பின்னரே இதனை எழுதுகின்றேன். அவர் யாரென்று தயவுசெய்து தேட வேண்டாம். இம்முறை பரிபாலன சபைக் கூட்டத்தில் பழைய தீர்மானத்தை இரத்துச் செய்யும் பிரேரணையை நானே சமர்ப்பிக்கவுள்ளேன். அது நிறைவேறினால் கடிதத்தை எனது கையாலேயே எழுதி, அந்தத் தாயிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அடியார்களே, தேரோட்டத்தன்று தயங்கித் தயங்கி ஒரு இளைஞர் வடத்தைப் பிடிக்க வந்தால், அவர் யார், முன்பு என்ன செய்தார் என்று கேளாமல் பக்கத்தில் இடம் விடுங்கள். எமது பிள்ளைகள் எல்லோரும் நலமுடன் வாழ அம்பாள் அருள் புரிவாளாக.

மேன்மைகொள் சைவநீதி உலகெலாம் விளங்கட்டும்.